பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கும் வழி

தை, மாசி வந்தால் டெல்டாவில் பழைய கார் வியாபாரம் சூடு பிடிக்கும். சம்பா அறுத்து நெல் போட்ட காசு கையில் இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்கு வேலை, அப்பாவை மாதாமாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும் என்று வண்டி தேவைப்படுகிற காரணமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வண்டிகள் புது பெயிண்டோடு விற்பனைக்கு வந்து நிற்பதும் அதே மாதங்களில்தான். முதல் தடவையாகப் பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மயிலாடுதுறை பக்கம் ஒரு மாருதி 800 வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, சீட் கவர் புதுசு, ஏசி குளிர்ந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். மூன்றாவது வாரம் அரசலாற்றங்கரை ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்கு முன்னால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு வலது பக்கம் இழுத்தது. கரையின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். பின் சீட்டில் என் மகள் இருந்தாள்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் இடது வீலைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். அந்த வீலுக்குப் போகும் பிரேக் பைப்பை யாரோ வெட்டியிருக்கிறார்கள். நுனியை மடித்து, சுத்தியலால் தட்டி நசுக்கி, மேலே ஒரு சொட்டு பித்தளை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அதன்மேல் கறுப்பு பெயிண்ட். இடது வீலுக்கு பிரேக்கே கிடையாது. வலது வீல் மட்டும் பிடிக்கும். அதனால்தான் அந்த இழுப்பு. எந்த ஊரிலோ நடுவழியில் பைப் வெடித்து ஆயில் ஒழுகியிருக்கும், வீடு வந்து சேர்வதற்காக அடைத்திருப்பார்கள். அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, வீடு வந்து சேர்றதுக்கு எதை வேணாலும் பண்ணலாம். வந்ததுக்கு அப்புறம் மாத்தணும்ல?"

நான் ஒட்டுவேலை என்று சொல்வது இதைத்தான். வழியில் நின்றுபோன வண்டியைக் கட்டுக்கம்பியாலும் சைக்கிள் டியூபாலும் கட்டி ஓட்டி வருவதில் தப்பில்லை. அதைச் செய்யத் தெரிந்தவரை நான் மதிக்கிறேன். அதை அப்படியே விட்டு, மேலே பெயிண்ட் அடித்து மறைத்து, விவரம் தெரியாதவர் கையில் கொடுப்பதுதான் தப்பு. அந்த மாதிரி மறைத்து வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம், ஒன்றரை மணி நேரம் பொறுமை இருந்தால் போதும்.

1. போவதற்கு முன்

காலையில் போங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். "நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். மழையிலும், தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரத்திலும் பார்க்காதீர்கள். ஈரம் பெயிண்டின் குறையை மறைக்கும், ஒழுகலையும் மறைக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: டார்ச் ஒன்று, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி சின்ன காந்தம் ஒன்று, தேங்காய்ப்பூத் துண்டு, படுத்துப் பார்க்கக் கோணிச் சாக்கு, திருப்புளி. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் அதுவும். கூடவே ஒரு ஆள். நீங்கள் பிரேக் மிதிக்கும்போது வெளியே நின்று விளக்கைப் பார்க்கவும், புரோக்கர் பேச்சுக் கொடுக்கும்போது அவரைச் சமாளிக்கவும் உதவும்.

2. பாடியைத் தட்டிப் பாருங்கள்

பக்கவாட்டில் குனிந்து, வெயில் விழும் கோணத்தில் கதவுகளை நீளவாக்கில் பாருங்கள். நல்ல தகரத்தில் வெளிச்சம் நேர்கோடாக ஓடும். பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பூசிய இடத்தில் அலையடிக்கும். பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். தகரம் "டங்" என்னும். பட்டி "டொக்" என்னும். சந்தேகம் வந்த இடத்தில் காந்தத்தைத் துணியில் சுற்றி வையுங்கள். பிடிக்காமல் நழுவினால் உள்ளே பட்டி தடிமனாக இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்றால் அங்கே காந்தம் ஒட்டாது, அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

மெல்லிய பட்டி எந்த டிங்கரிங் வேலையிலும் இருக்கும். அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். சக்கர வளைவுக்கு மேலே, கதவுப் படியில், டிக்கியின் அடி ஓரத்தில் பட்டி தடிமனாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அவை துரு தின்கிற இடங்கள். துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி பூசினால், துரு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு வருஷத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

கதவைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் பீடிங் ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். கம்பெனியில் போட்ட வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக, சீரான இடைவெளியில் இருக்கும். அது இல்லாமல் கட்டி கட்டியாக வெல்டிங் வழிந்திருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி மாற்றியிருக்கிறார்கள். அதாவது பெரிய அடி. பானட், கதவு போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தாலும், ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

3. ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்கள்

விற்பவருக்குப் பிடிக்காத வேலை இது. கேட்டு அனுமதி வாங்கிச் செய்யுங்கள். முடியாது என்று சொன்னால் அந்தப் பதிலே போதும்.

டிரைவர் காலடி மேட்டையும் அதற்குக் கீழே இருக்கும் ரெக்சினையும் தூக்குங்கள். நான் பார்த்ததிலேயே மனசுக்குக் கஷ்டமான ஒரு வண்டி, நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றிய ஆம்னி. மேலே புது ரெக்சின், புது மேட். அதைத் தூக்கினால் ஃப்ளோர் முழுக்க எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம். நாலு மூலையில் ரிவெட். ஒரு ஓரத்தில் டின்னின் எழுத்துகூடத் தெரிந்தது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், தகரம் உள்ளே போனது. அடியில் இருந்த பழைய ஃப்ளோர் முறுக்குப் போல உதிர்ந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் வடிந்த இடம். விற்பவர் அதைக் "கல்யாணத்துக்கு ஆள் ஏத்துற வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டுப் பேர் அந்த டின்மேல் உட்கார்ந்து போவதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

சரியான ஒட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். துருப்பிடித்த தகரத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகரத்தைச் சுற்றிலும் விடாமல் வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, இணைப்பில் சீலர் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். செய்தவர் நல்ல தொழிலாளி. பழைய துருவுக்கு மேலேயே ஒரு தகட்டை வைத்து நாலு பொட்டு வெல்டிங் வைத்ததும், ரிவெட் அடித்ததும், ஃபைபர் துணி ஒட்டித் தார் பூசியதும் கெட்ட ஒட்டு.

கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் இரட்டிப்பு கவனம் வேண்டும். வேதாரண்யம் உப்பளப் பக்கம், நாகை, காரைக்கால், பூம்புகார் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியும், ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்காரும் இடமும், ஜாக்கி வைக்கும் இடமும் வண்டியின் எலும்பு மாதிரி. அங்கே கை வைத்து அழுத்துங்கள். பிறகு ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருக்கும்போது நன்றாக மூடிய கதவு, தூக்கியதும் இடித்தால் பாடி தளர்ந்துவிட்டது. ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். மற்ற வீல்களுக்குக் கல் வைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்த பிறகே குனியுங்கள்.

அம்பாசடருக்குத் தகரம் தடிமன், துரு ஏறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தகரம் தடிமன்தான். ஆனால் 2014-லேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கும் பத்து வருஷத்துக்கு மேல் வயசு. கதவுப் படியையும் டிக்கியின் அடியையும் அதிலும் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியையும் இந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இப்படிப் பல வண்டிகள் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தின் மூலையில் விரலை விட்டுத் தேயுங்கள். மெல்லிய வண்டல் மண் மாவு போல ஒட்டினால், தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது. சீட் ஓடும் கம்பியில் துரு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஆவி, ஏசி போட்டால் ஊறிய துணி வாடை எல்லாம் சேர்ந்து வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஒயரிங்குக்குள் போன தண்ணீர் இரண்டு வருஷம் கழித்தும் பழுது காட்டும்.

4. பானட்டுக்குள்

முதலில் ரேடியேட்டர். ஆறிய வண்டியில் மட்டும் மூடியைத் திறங்கள்; சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மூடியின் உள்பக்கமும் கழுத்தும் மஞ்சள் கசடு பிடித்திருக்கிறதா? ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம்மூர்ப் பழைய கை வைத்தியம். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நிற்கும். ஓட்டையை அடைத்த அதே தூள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மாசியில் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் திருவாரூர் போகும் வழியில் என்ஜின் சூடேறி நிற்கும்.

தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடைமடைப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் உள்ளிருந்து அரிக்கும்.

அடுத்து தெர்மோஸ்டாட். வண்டி சூடாகிறது என்று சொன்னால் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பக்கம் பெரிய பழக்கம். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்பார்கள். அந்த வால்வு, என்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்துவது. அது இல்லாவிட்டால் என்ஜின் வெகுநேரம் குளிராகவே ஓடும். பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட்டால் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் கழற்றிவிட்டார்கள். இதோடு ரேடியேட்டர் ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனி சுவிட்சும் இருந்தால், வண்டிக்குச் சூடாகும் வியாதி பழசு. காரணத்தைத் தேடாமல் ஒவ்வொன்றாக ஒப்பேத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் நிறத்தில் திரண்டிருந்தால் அதுதான்.

சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். ஆயில் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், ஒயரை வெட்டியிருக்கலாம். ஆயில் பிரஷர் குறைந்த என்ஜினை விற்பதற்கு அது ஒரு வழி. டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன் போல அளவுக்கு மீறித் திக்காக இருந்தாலும் கவனம். புகையையும் சத்தத்தையும் அடக்குவதற்குக் கனமான ஆயில் ஊற்றுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ கூடப் போகிறது; மூன்றில் இதுதான் சரி செய்யச் சுலபம்.

ஒயரிங்கில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் எலி வீட்டுக்கும் கொட்டகைக்கும் வரும், அங்கே நிற்கும் காருக்குள்ளும் ஏறும். கடித்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். வெயிலில் டேப் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே செம்பு தெரியும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மூடியில் போட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் நிறமும் ஒத்துப்போக வேண்டும். 10 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தாலோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ சுற்றியிருந்தாலோ, அந்த லைனில் ஏதோ ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் இனி ஒயர் எரியும்.

மல்டிமீட்டர் இருந்தால் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். ஏறக்குறைய 13.8-லிருந்து 14.4 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஆகிறது.

5. பெட்ரோல் வரும் வழி

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கோணியை விரித்து, பின்னால் படுத்து, டேங்கின் அடியை டார்ச்சில் பாருங்கள்.

டேங்கில் ஊசித்துளை விழுந்தால் குளிக்கிற சோப்பை ஈரமில்லாமல் தேய்த்து அடைப்பது லாரி டிரைவர்கள் காலத்துக் கைவேலை. வேலை செய்யும், ஏனென்றால் சோப்பு பெட்ரோலில் கரையாது. தண்ணீரில் கரைந்துவிடும். மாசியில் வாங்கும்போது ஒழுகாத டேங்க், ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது சோப்பு கரைந்து ஒழுக ஆரம்பிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ மெழுகு போல அப்பியிருந்தால் நகத்தால் சுரண்டி முகர்ந்து பாருங்கள்; வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். எம்-சீல் வைத்திருந்தால் சாம்பல் நிறக் கட்டியாகத் தெரியும். அது கல் போல இறுகும். டேங்க் தகரம் ரோட்டில் அதிரும்போது கட்டி அதோடு சேர்ந்து வளையாது, ஓரத்தில் விட்டுக்கொள்ளும்.

பெட்ரோல் ஹோஸையும் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குப் பதிலாகக் கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபைப் போட்டு, நுனியில் கட்டுக்கம்பி முறுக்கியிருப்பதை நானே மூன்று வண்டியில் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பட்டால் அந்த டியூப் மஞ்சளாகி விறைத்து, பிறகு விரியும். என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் விரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கம் இதில் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்கிறது. வைக்கோலையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பிக் காயப் போடுகிறோம். அதன்மேல் ஏறிப் போகும் காரின் அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சர் பைப்பில் பட்டுத் தீப்பிடிக்கும். ஒழுகும் டேங்கோடு அந்த ரோட்டில் போவதை நினைத்துப் பாருங்கள். படுத்துப் பார்க்கும்போதே சைலன்சரில் சுற்றிய வைக்கோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சைலன்சரின் ஓட்டையைக் குளிர்பான டின்னால் சுற்றிக் கம்பி கட்டியிருந்தால் அது பெரிய செலவில்லை. ஆனால் உடனே மாற்ற வேண்டும். புகை ஃப்ளோர் ஓட்டை வழியாக உள்ளே வந்தால் ஆளை மயக்கிவிடும்.

வீட்டு கேஸ் சிலிண்டரில் ஓடும்படி மாற்றிய ஆம்னி, 800 இன்னும் கண்ணில் படுகிறது. முறையான கேஸ் கிட் என்றால் அது ஆர்சியில் (பதிவுச் சான்றில்) ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டியைத் தொடாதீர்கள்.

6. பிரேக், ஸ்டீயரிங்

என்ஜின் ஆஃப். பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால் லைனிங் தேய்ந்திருக்கலாம், இல்லை லைனில் காற்று இருக்கலாம். இப்போது காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, இல்லை பெடலிலிருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டியில், அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பரை எடுத்துப் பாருங்கள். அது ஊதி நெளிந்து, திரும்ப உட்காராமல் அடம் பிடித்தால் யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதிலாக என்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அவசரத்தில் நடக்கிற தப்பு இது. என்ஜின் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர்கள் எல்லாமே ஊதிவிடும். அந்த வண்டியில் ரப்பர் உள்ள பாகங்களை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். ஒரு டப்பா ஆயில் மாற்றினால் தீராது.

நாலு வீலின் உள்பக்கமும் டார்ச் அடியுங்கள். டயரின் உள்சுவரில் ஆயில் வழிந்த கறை இருக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பைப்பையும் கண்ணாலேயே பின்தொடர்ந்து போங்கள். அது வீல்வரை போய்ச் சேருகிறதா? என் வண்டியில் சேரவில்லை. பைப்பில் நசுக்கிய இடம், வெல்டிங் பொட்டு, போல்ட் சொருகிய நுனி, மற்ற இடத்தில் இல்லாத புதுக் கறுப்பு பெயிண்ட் எதைப் பார்த்தாலும் நின்று விசாரியுங்கள். எஃப்சிக்காக (தகுதிச் சான்றுக்காக) அடி முழுக்கக் கறுப்பு அடித்திருந்தால் அதுவே குற்றமில்லை, ஆனால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்கு: என்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக ஆட்டுங்கள். முன் வீல் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் மூன்று விரல் அளவுக்கு ஆடினால் அதிகம். பிறகு முன் வீலைத் தூக்கி, 9 மணிக்கும் 3 மணிக்கும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் தளர்ச்சி கைக்குத் தெரியும். 12-க்கும் 6-க்கும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் பேரிங்கும். ஜாயின்ட்டுக்குள் தகர டின்னை வெட்டி சொருகி ஆட்டத்தை நிறுத்துவதும், டயர் ரப்பரை வட்டமாக வெட்டி புஷ்ஷாகப் போடுவதும் நடக்கிறது. வீல் நட்டுகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று குறைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது.

7. ஓட்டிப் பார்க்கும்போது

ஆற்றங்கரை ரோடும் வாய்க்கால் கரை ரோடும் வேண்டாம். அகலமான, ஆளில்லாத நேர் ரோட்டுக்குப் போங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்து, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கை அழுத்துங்கள். எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. முழுக்க வலதும், முழுக்க இடதும் திருப்பி மெதுவாகப் போங்கள்; முன் வீலிலிருந்து கடக் கடக் என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருப்பது சாதாரணமாகப் பார்க்கிற ஒட்டு. குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சூடாகும் வியாதி அதற்கு முன் வெளியே வராது.

8. பேப்பர்

சுருக்கமாகச் சொல்கிறேன். என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் நீங்களே குனிந்து படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றிய ஜீப், அம்பாசடர் நம் பக்கம் நிறைய. மாற்றியது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, எஃப்சி, இன்ஷூரன்ஸ் தெரியும். 15 வருஷம் தாண்டியிருந்தால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; கடன் இருந்து அடைத்திருந்தால் பேங்க் கொடுத்த படிவம் 35. பிஒய் 02 என்று காரைக்கால் நம்பர் இருந்தால், அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

9. எதை ஏற்கலாம், எதை விடலாம்

முப்பது வருஷ வண்டியில் ஒட்டுவேலையே இருக்கக் கூடாது என்றால் வண்டியே வாங்க முடியாது. தெர்மோஸ்டாட், ஹோஸ், சைலன்சர், ஃபேன் சுவிட்ச், ஒன்றிரண்டு ஒயர் ஒட்டு எல்லாம் பட்டறையில் சில நாளில் சரி செய்யக் கூடியவை. பார்த்ததை எல்லாம் தாளில் எழுதி, உங்கள் மெக்கானிக்கிடம் செலவு கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கெட்டிருந்து, விற்பவர் ஒளிக்காமல் சொன்னால் அதையும் வாங்கலாம், மாற்றிய பிறகே ரோட்டில் எடுக்க வேண்டும். எலும்பு போன பாடி, வெள்ளத்தில் ஊறிய ஒயரிங், ஆர்சியில் இல்லாத கேஸ் கிட் மூன்றும் வேண்டாம். கேட்ட கேள்விக்கு "அதெல்லாம் பாக்காதீங்க சார், ஓடுதான்னு பாருங்க" என்று பதில் வந்தாலும் வேண்டாம்.

10. வாங்கிய முதல் வாரம்

பிரேக் ஆயில், பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட், ஃபேன் பெல்ட், என்ஜின் ஆயில், ஃபில்டர். சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் முன்னால் இவை. மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

என் டிக்கியில் கட்டுக்கம்பி ஒரு சுருள், சைக்கிள் டியூப் துண்டு, டேப், சரியான அளவில் நாலு ஃபியூஸ், இரண்டு ஹோஸ் கிளிப், ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கும். அவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டும். வழியில் எதைக் கட்டி ஓட்டி வந்தேனோ அதைத் தேதி போட்டு எழுதுவேன். மாற்றியதும் எதிரே எழுதி அடித்துவிடுவேன். போன கார்த்திகையில் கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது நாச்சியார்கோவில் தாண்டி மேல் ரேடியேட்டர் ஹோஸ் விரிந்துவிட்டது. ஓரம் கட்டி, நன்றாக ஆறும்வரை காத்திருந்து, டியூபை இறுக்கிச் சுற்றிக் கிளிப் போட்டேன். அழுத்தம் ஏறாமல் இருக்க ரேடியேட்டர் மூடியைப் பாதி திருப்பி விட்டு, வழியில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் குடவாசல் வந்து சேர்ந்தேன். நோட்டில் அந்த வரிக்கு எதிரே, மறுநாள் தேதியில், "புது ஹோஸ் போட்டாச்சு" என்று இருக்கிறது.